கும்மிடிப்பூண்டியில் ஜெர்சி வரையத் தொடங்கும் பிள்ளைக்கு

கண்ணு,

ஜி.என்.டி. ரோட்டோரம் கடை பிடித்து, கம்ப்யூட்டரும் ஹீட் பிரஸ்ஸும் வாங்கிப் போட்டுவிட்டாய் என்று உன் அம்மா சொன்னாள். மனசு நிறைந்தது. போனில் நீ கேட்டது ஒரே கேள்விதான்: "டீம் ஜெர்சிக்கு டிசைன் ஐடியா எங்கே கிடைக்கும்?" கவரைப்பேட்டை, பொன்னேரி, பழவேற்காடு, அந்தப் பக்கம் திருவள்ளூர், திருத்தணி என்று கபடிக்கும் கிரிக்கெட்டுக்கும் வாலிபாலுக்கும் எத்தனையோ அணிகளுக்குச் சட்டை போட்டுக் கொடுத்தவன் நான். மரச்சட்டத்தில் வலைத்துணி இழுத்துக் கட்டி ஸ்கிரீன் பிரிண்டிங் செய்த காலத்தில் ஆரம்பித்து, சப்ளிமேஷன் வரைக்கும் வந்தாயிற்று. பட்டுத் தெரிந்துகொண்டதையும், பெரியவர்கள் சொன்னதையும், விளையாடும் பிள்ளைகளே எனக்குக் கற்றுக்கொடுத்ததையும் எழுதி அனுப்புகிறேன். ஒரே மூச்சில் படிக்க வேண்டாம். வேலைக்கு நடுவே எடுத்துப் பார்.

1. கம்ப்யூட்டரைத் திறக்கும் முன் மைதானத்துக்குப் போ. ஆர்டர் கொடுத்த அணி எங்கே ஆடுகிறது, எந்த நேரத்தில் ஆடுகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டு வா. பழவேற்காட்டுப் பக்கம் வெளிர் மணல். திருத்தணிப் பக்கம் செம்மண். சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய காலி மனைகளில் கரித்தூள் படிந்த தரை. தரை, பின்னால் தெரியும் சுவர், சாயங்கால வெயில் இந்த மூன்றிலும் கரைந்து போகாத நிறம்தான் அந்த அணிக்கு வேண்டும். உலகப் புகழ் பெற்ற அணிகளே இதில் தடுமாறியிருக்கின்றன. 1996 ஏப்ரல் 13 அன்று மான்செஸ்டர் யுனைடெட் சாம்பல் நிறச் சட்டையில் சவுத்தாம்ப்டனோடு ஆடி, இடைவேளைக்குள் மூன்று கோல் வாங்கியது. கூட்டத்தின் பின்னணியில் சக ஆட்டக்காரர்களையே கண்டுபிடிக்க முடியவில்லை என்று சொல்லி, மேலாளர் அலெக்ஸ் ஃபெர்குசன் இடைவேளையில் எல்லோரையும் வேறு சட்டைக்கு மாற்றினார். அப்புறம் ஒரு கோல் அடித்தார்கள், ஆட்டம் 3-1 என்று கைவிட்டுப் போனது. அந்தச் சாம்பல் சட்டையும் அத்தோடு போனது. மேஜையில் விரித்துப் பார்க்க அழகாக இருக்கும் சட்டை வேறு, ஓடும் ஆளின் மேல் தெரியும் சட்டை வேறு. உன் கண் இரண்டாவதற்குப் பழக வேண்டும்.

2. போடப்போகிறவனுடைய வேலையைப் பார். இதைத்தான் எல்லாவற்றிலும் முக்கியமாகச் சொல்வேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் கம்பி உருட்டும் ரோலிங் மில்கள் இருப்பது உனக்குத் தெரியும். அப்படி ஒரு மில்லின் தொழிலாளர் அணி, ஆயுத பூஜை கிரிக்கெட்டுக்குச் சட்டை கேட்டு வந்தது. கேப்டன் தன் போனில் இறக்கிவைத்திருந்த ஒரு படத்தைக் காட்டினான். நெஞ்சு முழுக்கத் தீ ஜுவாலை. இணையத்தில் ஆயிரம் அணிகளுக்கு இருக்கும் அதே ஜுவாலை. "சரிப்பா, போட்டுத் தருகிறேன். அதற்கு முன்னால் நீங்கள் வேலை செய்கிற இடத்தை ஒரு தடவை காட்டு" என்றேன். மேஸ்திரியிடம் அனுமதி வாங்கி, தூரத்தில் நிறுத்திக் காட்டினார்கள்.

உலையிலிருந்து வரும் இரும்புக் கட்டை ஏறக்குறைய 1,100, 1,200 டிகிரி சூட்டில் வரும். அப்போது அது சிவப்பாக இருக்காது கண்ணு, வெளிர் மஞ்சளாக இருக்கும். உருளைகளுக்கு நடுவே புகுந்து புகுந்து நீளும்போது ஆரஞ்சு ஆகும். கடைசியில் ஆறுவதற்குப் போட்ட கம்பி ரத்தச் சிவப்பாகி, ஓரத்திலிருந்து கருக்க ஆரம்பிக்கும். பீகாரிலிருந்து வந்து பல வருஷமாக அங்கேயே இருக்கும் ஒரு பெரியவர், நிறத்தைப் பார்த்தே சூட்டைச் சொல்லிவிடுவார். அவர் கையை நீட்டி ஒவ்வொரு நிறமாகக் காட்டினார். அன்று இரவே வரைந்தேன்: தோளில் வெளிர் மஞ்சள், நெஞ்சில் ஆரஞ்சு, வயிற்றில் சிவப்பு, கீழ் மடிப்பில் கறுப்பு. ஜுவாலை ஒன்றுகூட இல்லை. மாதிரியைப் பார்த்த அந்தப் பெரியவர் விரலால் மேலிருந்து கீழே தடவிக்கொண்டே வந்து, சிவப்பு முடியும் இடத்தில் நிறுத்தினார். "இங்கே இவ்வளவு சீக்கிரம் கறுக்காது, இன்னும் கொஞ்சம் சிவப்பு விடு" என்று இந்தியும் தமிழும் கலந்து சொன்னார். திருத்திக் கொடுத்தேன். என் வேலையில் எனக்குக் கிடைத்த மிக நல்ல திருத்தம் அது. இரும்பு அறிந்தவர் கொடுத்த திருத்தம்.

வார்ப்படப் பட்டறைக்கும், மீன்பிடிக் குப்பத்துக்கும், செங்கல் சூளைக்கும், நர்சிங் படிக்கும் பிள்ளைகளுக்கும் இப்படியே அவரவர் நிறம், அவரவர் கோடு இருக்கிறது. கேட்டால் சொல்வார்கள். கேட்பதற்கு உனக்குக் கூச்சம் இருக்கக் கூடாது.

3. அணியின் பெயருக்குப் பின்னால் ஒரு கதை இருக்கும், அதையும் கேள். தெருப் பெயர், கோயில் பெயர், தலைவர் பெயர், விபத்தில் போன நண்பனின் பெயர். நம் பக்கம் நினைவுக் கோப்பைப் போட்டிகள் எவ்வளவு நடக்கின்றன என்று உனக்கே தெரியும். ஒருமுறை சில பையன்கள், இறந்துபோன நண்பனின் போட்டோவை முதுகு முழுக்க அச்சடித்துத் தரச் சொன்னார்கள். அன்பில்தான் கேட்டார்கள். ஆனால் கபடிச் சட்டை அது. மண்ணில் புரளும், இழுபடும். "அவன் அம்மாவிடம் கேட்டீர்களா?" என்றேன். கேட்கவில்லை. மறுநாள் அந்த அம்மாவே வந்தாள். பிள்ளையின் முகம் மண்ணில் தேய்வதைப் பார்க்கத் தன்னால் முடியாது என்றாள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அவன் போட்டிருந்த 7ஆம் எண்ணை வேறு யாருக்கும் கொடுக்காமல் விட முடியுமா என்று கேட்டாள். அந்த அணியில் 7 கிடையாது. ஒவ்வொரு சட்டையிலும் கழுத்துக்கு உள்பக்கம், லேபிள் வரும் இடத்தில், சின்னதாக ஒரு 7 மட்டும் இருக்கும். வெளியே யாருக்கும் தெரியாது. போடுகிறவனுக்குத் தெரியும். அந்த யோசனை என்னுடையது என்று நான் எங்கேயும் சொன்னதில்லை.

4. நம் ஊரைச் சுற்றிப் பார்க்காமல் வெளிநாட்டுக் கழுகையும் டிராகனையும் தேடாதே. மண்டையோடு போட்டுத் தாருங்கள் என்று கிரிக்கெட் பையன்கள் வருவார்கள். அவர்களைப் பழவேற்காட்டு டச்சுக் கல்லறைக்குக் கூட்டிப் போ. வாசல் தூணில் எலும்புக்கூடு செதுக்கி நிற்கிறது. டச்சுக்காரர்கள் 17ஆம் நூற்றாண்டில் கெல்ட்ரியா கோட்டை கட்டி வாழ்ந்த ஊர் அது. இப்படியொரு எலும்புக்கூடு வேறு எந்த அணியிடம் இருக்கிறது? ஆனால் அது தொல்லியல் துறை பாதுகாக்கும் இடம். கையை வைக்காமல் நின்று பார்த்து, வரைந்துகொண்டு வா.

அதே பழவேற்காட்டிலிருந்துதான் கட்டம் போட்ட பருத்தித் துணி கப்பல் கப்பலாகத் தென்கிழக்காசியாவுக்குப் போயிற்று. மலேசியாவில் ஆண்கள் கட்டும் கட்டம் போட்ட கைலிக்கு இன்றைக்கும் 'காய்ன் பெலிகாட்' என்றுதான் பெயர், நம் பழவேற்காட்டின் பெயரால். நம் மாவட்டத்திலேயே பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் என்று நெசவு ஊர்கள் இருக்கின்றன. ஒரு கட்டம் எத்தனை இழையில் முடிகிறது, எங்கே நிறம் மாறுகிறது என்று தறியடியில் உட்கார்ந்து பார். கட்டத்தைச் சட்டையில் கொண்டுவரும்போது அந்த அளவு தப்பாமல் வரும். குரோஷியா கால்பந்து அணி தன் நாட்டுச் சின்னத்தின் சிவப்பு வெள்ளைக் கட்டத்தைச் சட்டையில் போட்டு, உலகத்தில் எங்கே பார்த்தாலும் தெரியும்படி செய்துவிட்டது. நம் கட்டம் அதற்கு இளைத்ததா?

பூண்டியை ஒட்டிய அத்திரம்பாக்கத்தில் 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்த கற்கோடரிகளின் வரிசை, ஆய்வில் சுமார் 15 லட்சம் ஆண்டுகள் வரை பின்னால் போகிறது. பூண்டி அருங்காட்சியகத்தில் அவற்றைப் பார். நுனி கூராக, அடி அகலமாக, கைக்கு அடங்கும் வடிவம். எல்லா அணியும் கேடய வடிவத்தில் சின்னம் வைக்கிறது. நம் பக்கத்து அணி ஒன்றுக்குக் கற்கோடரி வடிவத்தில் சின்னம் வைத்தால் எவ்வளவு பொருத்தம்!

பூநாரையையும் சொல்லிவிடுகிறேன். பழவேற்காடு ஏரியில் பனிக்காலத்தில் நிற்கும்போது வெளிர் ரோஜா நிறம்தான் தெரியும். இறக்கையை விரித்தால்தான் உள்ளே இருக்கும் கறுப்பும் அடர்சிவப்பும் தெரியும். வாலிபால் அணி ஒன்றுக்கு இதை அப்படியே செய்தோம். சட்டை வெளிர் ரோஜா. அக்குளுக்குக் கீழே, பக்கவாட்டில் வரும் துண்டு மட்டும் கறுப்பு, அதன் ஓரத்தில் அடர்சிவப்பு. சும்மா நிற்கும்போது கறுப்பு தெரியாது. பிளாக் செய்ய மூன்று பேர் சேர்ந்து கையைத் தூக்கிக் குதித்தால் வலைக்கு மேலே ஆறு இறக்கை விரியும். ரோஜா நிறம் ஆம்பிளைப் பசங்களுக்கா என்று முதலில் முகம் சுளித்தவர்கள், முதல் மேட்சுக்குப் பிறகு வேறு நிறம் கேட்கவில்லை.

இவ்வளவும் சொன்னேன் என்பதற்காகக் கட்டம், கோடரி, பூநாரை, எலும்புக்கூடு எல்லாவற்றையும் ஒரே சட்டையில் கொட்டிவிடாதே. ஒரு சட்டைக்கு ஒரு விஷயம் போதும்.

5. நிபந்தனையைக் கண்டு சலித்துக்கொள்ளாதே. பிரேசில் அணி 1950 உலகக் கோப்பையில் வெள்ளைச் சட்டையில் ஆடி, சொந்த மண்ணில் உருகுவேயிடம் தோற்றது. அந்த வெள்ளையே வேண்டாம் என்று தீர்மானித்து, 1953இல் ஒரு செய்தித்தாள் வழியே புதுச் சட்டைக்குப் போட்டி வைத்தார்கள். கொடியில் இருக்கும் நான்கு நிறமும் வர வேண்டும் என்பது நிபந்தனை. நான்கு நிறத்தை ஒரு சட்டையில் போட்டால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார். ஜெயித்தவன் அல்டிர் கார்சியா ஷ்லீ, தெற்கே எல்லைப்புறத்து ஊர்க்காரன், 19 வயதுப் பையன். உன்னைவிடச் சின்னவன். மஞ்சள் சட்டைக்குப் பச்சை ஓரம், நீலக் கால்சட்டை, வெள்ளைக் காலுறை என்று நிறங்களைத் தலையிலிருந்து கால் வரை பங்கிட்டுவிட்டான். அடுத்த ஆண்டிலிருந்து பிரேசில் அணி போடுவது அதைத்தான். உன்னிடமும் நிபந்தனையோடுதான் வருவார்கள். தலைக்கு முந்நூறு ரூபாய்க்கு மேல் முடியாது என்பார்கள். ஊர்ப் பெரியவர் கொடுத்த நிறம்தான் வேண்டும் என்பார்கள். பழைய கால்சட்டைக்குப் பொருந்த வேண்டும் என்பார்கள். அதை முதலில் ஒரு தாளில் எழுதிவை. பாதி டிசைன் அந்தத் தாளிலேயே கிடைத்துவிடும்.

6. எண்ணுக்கு முதல் இடம் கொடு. சர்வதேச வாலிபால் விதிப்படி நெஞ்சில் எண் குறைந்தது 15 செ.மீ., முதுகில் 20 செ.மீ. உயரம், கோட்டின் தடிமன் குறைந்தது 2 செ.மீ. இருக்க வேண்டும். தற்காப்புக்கென்றே இறங்கும் லிபெரோ ஆட்டக்காரனுக்கு மற்றவர்களிலிருந்து பளிச்சென்று வேறுபடும் சட்டை வேண்டும். இவையெல்லாம் ஸ்கோர் எழுதுகிறவரின் கஷ்டத்தைக் குறைக்கும் விதிகள். வேப்பமரத்தடி மேஜையில் உட்கார்ந்திருக்கும் அவருக்குக் கண்ணாடி போட்ட கண்ணோடு, புழுதிக்கு நடுவே, 3 எது 8 எது என்று தெரிந்தாக வேண்டும். எண்ணை முழு அளவில் தாளில் அச்சடித்துச் சுவரில் ஒட்டிவிட்டு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று பார். படிக்க முடியவில்லை என்றால் எழுத்துரு எவ்வளவு அழகாக இருந்தாலும் மாற்றிவிடு.

7. தமிழில் எழுத வெட்கப்படாதே, எழுதினால் கவனமாக எழுது. ஊர்ப் பெயரைத் தமிழில் பெரிதாக நெஞ்சில் போட்டால் அதற்கு ஒரு கம்பீரம் வருகிறது. ஆனால் தமிழ் எழுத்து மேலேயும் கீழேயும் கொம்பும் சுழியும் விரிந்து இடம் கேட்கும். ஆங்கில எழுத்துக்கு விட்ட இடத்தில் திணித்தால் மூச்சு முட்டும். ஸ்கிரீனில் அச்சடிக்கும்போது மெய்யெழுத்தின் புள்ளி சின்னதாக இருந்தால் வலையில் மை அடைத்து, புள்ளியே விழாது. 'கார்த்திக்' என்பவன் 'காரததிக' ஆகி வந்து நிற்பான். புள்ளியைத் தனியாகப் பெரிதாக்கு. அச்சுக்கூடத்துக்கு அனுப்பும் முன் எழுத்துகளைக் கோடாக மாற்றி அனுப்பு. அங்கே உன் எழுத்துரு இல்லையென்றால் 'கொ' என்ற எழுத்தின் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் போய்விடும். அச்சாகி வந்ததைத் தமிழ் வாசிக்கத் தெரிந்த இன்னொருவரிடம் காட்டு. எழுதினவன் கண்ணுக்குத் தன் பிழை தெரியாது.

8. ஒவ்வொருவர் பெயரையும் அவரவர் வாயால் கேட்டு எழுது. சிப்காட் அணிகளில் ஒடிசா, பீகார், ஜார்கண்ட், அசாம் பிள்ளைகள் பாதிப் பேர் இருப்பார்கள். மேற்பார்வையாளர் கொடுக்கும் பட்டியலில் அவர்கள் பெயர் கண்டபடி இருக்கும். ஒடிசா பையன் ஒருவனிடம் அவன் பெயரை எழுதிக் காட்டச் சொன்னேன். அவன் தன் மொழியில் எழுதிவிட்டு, இதைப் போட முடியுமா என்று தயங்கிக் கேட்டான். முடியும் என்றேன். அந்த வருஷம் அந்த அணியின் முதுகில் ஒடியாவும் இந்தியும் தமிழும் இருந்தன. எனக்குக் கூடுதலாக ஒரு மணி நேர வேலை, அவ்வளவுதான். அவன் சட்டையைப் பிரித்துப் பார்த்ததும் ஊருக்கு வீடியோ கால் போட்டுவிட்டான்.

9. பெண் பிள்ளைகளின் அணிக்கு அவர்களிடமே பேசு. பயிற்சியாளரிடமோ அப்பாக்களிடமோ மட்டும் கேட்டு முடிவெடுக்காதே. ஆண்கள் சட்டையைச் சின்னதாக்கினால் பெண்கள் சட்டை ஆகாது. தோள், இடுப்பு, கை நீளம் எல்லாம் வேறு. வெளிர் நிறத் துணி வியர்வையில் ஒட்டினால் உள்ளே தெரியும். கழுத்து இறக்கம் எவ்வளவு, கை எதுவரை, துணி எவ்வளவு கனம் என்று அவர்கள் சொல்வதை எழுதிக்கொள். பேசக் கூச்சப்பட்டால் உன் அக்காவைக் கூட வைத்துக்கொள். பொன்னேரிப் பக்கத்துப் பள்ளிக்கூடக் கபடி அணி ஒன்று, "ரோஸ் கலரும் பூவும் வேண்டாம் மாமா, எதிரி பயப்படற மாதிரி வேணும்" என்றது. அடர்நீலத்தில் தேள் கொடுக்கு வரைந்து கொடுத்தேன். கொடுக்கின் நுனி எங்கே முடிய வேண்டும் என்பதைக்கூட அந்தப் பிள்ளைகள்தான் முடிவு செய்தார்கள்.

10. நல்லதைப் பார்த்தால் படத்தை எடுத்துக்கொள்ளாதே, காரணத்தை எடுத்துக்கொள். சி.எஸ்.கே. 2021இல் தோளில் ராணுவ உடையின் திட்டுகளை வைத்தது, ராணுவத்துக்கு மரியாதையாக. நாம் யாருக்கு மரியாதை செய்ய வேண்டும், அதைச் சட்டையில் எந்த இடத்தில் செய்யலாம் என்று உன் அணியிடம் கேள். அதே ஆண்டு இந்திய கிரிக்கெட் அணியின் சட்டையில் ரசிகர்களின் ஆரவாரத்தை ஒலி அலைகளாக வரைந்தார்கள். உங்கள் ஊர் ஆரவாரம் பறையா, பம்பையா, விசிலா? 1992 கிரிக்கெட் உலகக் கோப்பையில் ஒன்பது அணிக்கும் ஒரே அமைப்பு, தோளில் ஒரே நிறப்பட்டைகள், அடிநிறம் மட்டும் வேறு. அவ்வளவு எளிமையான சட்டை, இந்திய அணி 2020 கடைசியில் ஆஸ்திரேலியாவுக்குப் போனபோது அதே சாயலில் திரும்பி வந்தது. மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாடுக்கு 2022இல் வந்த 'தம்பி'யை நினைத்துப் பார். செஸ் குதிரைக்கு வேட்டி சட்டை கட்டி, கைகூப்ப வைத்தார்கள். எல்லோருக்கும் தெரிந்த இரண்டு பொருள், யாரும் சேர்த்துப் பார்க்காத சேர்க்கை.

பெரிய கம்பெனியின் முத்திரையையும் அணிகளின் சின்னத்தையும் அப்படியே போட்டுத் தரச் சொல்வார்கள். போடாதே. அது வர்த்தகச் சின்னச் சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம். பக்கத்து ஊர்க்காரன் வரைந்ததை எடுத்து நிறம் மாற்றிப் போடுவது அதைவிட மோசம். அவனும் உன்னைப் போல ராத்திரி கண் விழித்து வரைந்தவன்தான்.

11. நிறத்துக்கு ஊரில் ஒரு பொருள் இருக்கிறது, தெரியாமல் தொடாதே. ஒரு ஊரில் வெறும் இரண்டு நிறமாக இருப்பது அடுத்த ஊரில் கட்சிக் கொடி, அதற்கடுத்த ஊரில் சாதியின் அடையாளம். நீ எந்த ஊரிலும் பிளவுக்குச் சட்டை தைக்கிறவன் ஆகக் கூடாது. சாதிப் பெயரை, ஆயுதத்தை, இன்னொரு தெருவைச் சீண்டும் வாசகத்தை முதுகில் போடக் கேட்டு வந்தால், அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்து அனுப்பு. அந்த மாசம் வாடகைக்கு இழுபறி வந்தாலும் கொடுத்து அனுப்பு. தேசியக் கொடியை நெஞ்சில் அப்படியே அச்சடித்து அதன் மேல் அணியின் பெயர் எழுதக் கேட்பவர்களும் உண்டு. கொடியின் மேல் எழுதுவதையும், உடைத்துணியில் கொடியை அச்சிடுவதையும் 1971ஆம் ஆண்டின் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம் தடுக்கிறது. பொறுமையாக எடுத்துச் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள்.

12. உபயதாரர் பெயருக்கு இடம் ஒதுக்கிவிட்டு வரை. கவுன்சிலர், சூளை முதலாளி, மளிகைக்கடை அண்ணாச்சி என்று நாலைந்து பேர் பணம் போட்டுத்தான் நம் பக்கம் ஒரு அணிக்குச் சட்டை கிடைக்கிறது. அவர்கள் பெயரைக் கடைசியில் ஒட்ட வைத்தால் டிசைன் கெடும். முதலிலேயே கைப்பகுதியில் ஒரு பட்டை, முதுகில் எண்ணுக்குக் கீழே ஒரு வரி என்று கேப்டனிடம் பேசி முடித்துவிடு. கொடுத்தவரின் மரியாதையும் குறையாது, பிள்ளைகளும் விளம்பரப் பலகை மாதிரி நிற்க வேண்டியதில்லை.

13. துணியைப் பற்றி உண்மையைச் சொல். சப்ளிமேஷன் மை ஏறக்குறைய 200 டிகிரி சூட்டில் ஒரு நிமிஷத்துக்குள் ஆவியாகிப் பாலியஸ்டர் இழைக்குள் போய் உட்காரும். பருத்தியில் அது நிற்காது, ரெண்டு துவைப்பில் வெளுத்துவிடும். அதில் வெள்ளை மை என்று ஒன்று கிடையாது, வெள்ளைத் துணிதான் வெள்ளை. ஆகவே கறுப்புத் துணியில் அதை அடிக்க முடியாது. காட்டன் சட்டைதான் வேண்டும் என்று வந்தால் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்து கொடு, அதற்குத் தகுந்த மாதிரி நிறத்தைக் குறைத்து வரை. திரையில் பளபளக்கும் பச்சை துணியில் அப்படி வராது. நீ அடிக்கும் எல்லா நிறத்தையும் சின்னத் துண்டுகளாக அச்சடித்து, எண் போட்டுக் கடையில் தொங்கவிடு. வருகிறவர் துணியைத் தொட்டு நிறம் தேர்ந்தெடுக்கட்டும்.

14. தேதி சொன்னால் தேதிதான். பொங்கலுக்கு முந்தின வாரம் எல்லா அணியும் ஒரே நேரத்தில் வரும். திருப்பூரிலிருந்து துணி லாரி தாமதமாகும். கரண்ட் போகும். முடியாது என்று தோன்றினால் முதல் நாளே முடியாது என்று சொல். போகிப் பண்டிகை ராத்திரி பதினோரு பிள்ளைகள் உன் கடை வாசலில் நின்றுகொண்டிருக்கக் கூடாது. இன்னொன்று. கம்பெனி அணி இருநூறு சட்டைக்கு மொத்தமாகச் செக் கொடுக்கும். குப்பத்துப் பிள்ளைகள் பத்து ரூபாய் நோட்டாகச் சேர்த்துக் கொண்டுவந்து பன்னிரண்டு சட்டை கேட்பார்கள். ஆள் பாதி ஆடை பாதி என்கிறார்களே, அந்தப் பிள்ளைகளில் சிலருக்கு அதுவரை தன் பெயர் எழுதிய பொருள் என்று ஒன்றுகூட இருந்திருக்காது. இரண்டு அணியோடும் அதே அளவு நேரம் உட்கார்ந்து பேசு.

15. கொடுத்த பிறகும் போய்ப் பார். உன் சட்டை போட்டு ஆடும் முதல் மேட்சுக்குப் போ. அடுத்த சீசனில் இன்னொரு தடவை போ. எந்த இடத்தில் அச்சு வெடித்திருக்கிறது, எந்தத் தையல் அக்குளில் விட்டிருக்கிறது, எந்த எண் தூரத்திலிருந்து தெரியவில்லை என்று ஒரு நோட்டில் அணியின் பெயர் போட்டு எழுது. சட்டையின் சின்னத் துண்டு ஒன்றையும் அந்தப் பக்கத்திலேயே பின் அடித்துவை. அதே அணி மறுவருஷம் வந்து "இந்தத் தடவை புதுசா என்ன பண்ணலாம்?" என்று கேட்கும்போது, அந்தப் பக்கத்தைத் திறந்து அவர்கள் முன்னால் வை. நடுவே புதிதாகச் சேர்ந்த பையன் யார், அணியை விட்டுப் போனவன் யார், மில்லில் என்ன புது வேலை வந்திருக்கிறது என்று பேச்சு அங்கிருந்தே ஆரம்பிக்கும். எனக்கு இருந்த நோட்டுகளையெல்லாம் உன் அம்மாவிடம் கொடுத்தனுப்புகிறேன். பழைய ஸ்கிரீன் சட்டங்களும் நாலு இருக்கின்றன, வலைத்துணி மாற்றினால் இன்னும் ஓடும். ஞாயிற்றுக்கிழமை வண்டி கிடைத்தால் வந்து எடுத்துப் போ.